வெள்ளம் வராத பங்குனி

திரு நிலைக்க. கார் பருவம் தவறாது பொழிக. கடல் சென்ற கலங்கள் சென்றபடியே கரை சேர்க.

நெடுவேலி நாட்டையும் குழலாற்றின் இருகரையையும் காக்கும் கோ அருங்குன்றன், தன் ஆட்சியின் பதினெட்டாம் ஆண்டு, மாசித் திங்கள் வளர்பிறை ஏழாம் நாள், ஆலங்கூடல் அரண்மனை எழுத்து மண்டபத்திலிருந்து விடுக்கும் ஓலை. பவளத்துறையின் துறைத்தலைவியும், புயல் நாளில் ஒரு மாலுமியையும் கடலுக்குக் கொடாதவரும், ஓலையடியில் கையெழுத்தாக இடும் நங்கூரக் கீறலால் நம் நாடெங்கும் அறியப்படுபவருமாகிய வெண்ணிநங்கையார் காண்க. உம் துறையும், துறையை நம்பிய குடிகளும், அவர்தம் வலைகளும் விளக்குகளும் நலம் பெறுக. இங்கு யாமும் நலம் என்று எழுதுவது ஓலை மரபு. இம்முறை அவ்வொரு வரியை எழுத நாணமாக இருப்பதால், அதை விடுத்துச் செய்திக்கே வருகிறோம்.

இந்நாட்டில் ஒரு புது நூல் சுவடி மண்டபம் புகுவதற்கு முன் ஏழு நாள் மன்றத்தில் படிக்கப்படும் என்பதும், கேட்டவர் எவராயினும் எழுந்து தம் கருத்தைச் சொல்லலாம் என்பதும் நீர் அறிந்தவை. அவர் சொன்னதைச் சொன்ன வாய்மொழியிலேயே, ஓர் எழுத்தும் திருத்தாமல் எழுதி, அவருக்கே படித்துக் காட்டி, அடியில் அவர் கீறலை வாங்கி, நூலோடு ஒரே கயிற்றில் கோத்து வைப்போம். அதற்குக் கேட்டோர் ஓலை என்று பெயர். புகழ்ச்சியாயினும் ஏச்சாயினும் அது நூலை விட்டுப் பிரியாது. இம்மரபைக் காக்கும் பொறுப்பு ஓலைநாயகத்துக்கு உரியது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அப்பொறுப்பை வகிப்பவர் கீரஞ்சேந்தர்.

சென்ற தைத் திங்களில் 'முன்னைப் பொழுது' என்னும் உரைநடைக் கதை மன்றம் ஏறியது. இயற்றியவர் பெயர் அதில் இல்லை. நரை கண்ட அரசு அலுவலர் ஒருவர் கிரகணத்தன்று கோயில் குளத்தில் மூழ்குகிறார். எழும்போது நாற்பது ஆண்டுகள் பின்னே, தம் இளமையில் எழுகிறார். அந்நாளில் அவருக்கு ஒரு துறையூர்ப் பெண்ணோடு மணம் உறுதியாகி, மணநாளன்று ஆறு பெருக்கெடுத்து வழி மறிக்க, போக முடியாமல் போயிற்றாம். இப்போது அவர் எழுவதோ மணநாளுக்கு மறுநாள். வெள்ளம் வடிந்திருக்கிறது. நடந்து போகிறார். பெண் அதே பந்தலில், அதே மணப்புடவையில், வாடாத பூவோடு நிற்கிறாள். ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. சிரிக்கிறாள். மணம் முடிகிறது. அவர் முன்னைப் பொழுதிலேயே தங்கிவிடுகிறார்.

மன்றம் உருகிற்று. அங்காடி விளக்குகளின் நிறமும், அக்காலத்துப் படகுப் பாட்டும், புளியமரத்துச் சாலையும் படிக்கப்பட்டபோது முதியோர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சொல்லியதைச் சொல்லியபடி எழுதும் மரபினால், அச்சொற்கள் சில இங்கும் அவ்வாறே வருகின்றன. குயவர் தெருச் செங்காணி என்பவள், "ராவும் பகலுமா அந்தப் புள்ள ஒரே புடவையோட நிக்குதே, யாராச்சும் உள்ள கூப்புட்டு ஒரு வாய் சோறு போடக் கூடாதா? என்ன ஊருய்யா அது?" என்றாள். யானைப்பாகன் ஒருவன், "எனக்கும் ஒரு முழுக்குப் போட ஆசதான். ஆனா எந்தப் பக்கம் எழுந்தாலும் எம்பொண்டாட்டி கரையில நிப்பாளே, சாமி" என்றான். புதுமணப் பெண் ஒருத்தி, "அந்தக் காலத்து ஆம்பளைங்க எவ்வளவு தன்மையா இருந்திருக்காங்க" என்று சொல்ல, பக்கத்திலிருந்த மாமியார், "நீ உன் மாமனாரப் பாத்ததில்லையே, அதான் பேசுற" என்றார். அவ்விருவர் சொல்லையும் எழுத்தர் ஒரே ஓலையில் எழுதிவிட்டார். கோட்டைவாயில் காவலர் மட்டும் தாடையைச் சொறிந்துகொண்டு, "நாப்பது வருசம் பின்னால போறவன், போன தடவ ஏன் வரலன்னு ஒரு வார்த்த சொல்லிட்டாத்தான் என்ன?" என்றார். கூட்டம் அவரை உட்காரச் சொல்லிற்று.

இவற்றையெல்லாம் மேடையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த கீரஞ்சேந்தர், காவலர் சொன்னதற்கு மட்டும் சிரிக்கவில்லை என்பதைப் பலர் பின்னர் நினைவுகூர்ந்தனர்.

ஐந்தாம் நாள் யாம் மன்றத்துக்கு வரவில்லை. அன்று, கலங்கரை விளக்குக்கு எண்ணெய் வேண்டித் தலைநகர் வந்திருந்த நீர் மன்றத்தின் கடைசி வரிசையில் இருந்தீர். உம்மை அவர் முதலில் பார்க்கவில்லை. குரலைத்தான் கேட்டார். நாற்பது ஆண்டுகளில் முகம் மாறும், நடை மாறும்; ஒரு வாக்கியத்தைத் தொடங்குமுன் சற்றே நிறுத்தும் அந்தப் பழக்கம் மாறவில்லை என்று அவர் நம்மிடம் சொன்னார். கேட்டவுடன் தலை குனிந்தவர், நீர் அமரும்வரை நிமிரவில்லை. நீர் சொன்னது இது:

"கதை நல்லாத்தான் இருக்கு. அங்கங்க நானும் சிரிச்சேன். அந்த ஊரும் எனக்குத் தெரியும், அந்த ஆறும் தெரியும். அந்த வருஷம் பங்குனியில வெள்ளம் வரல. முழங்கால் தண்ணிதான். பொண்ணே புடவையத் தூக்கிச் செருகிக்கிட்டு எறங்கி, அக்கரை வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்தா. பூ வாடலன்னு எழுதியிருக்கு. சாயங்காலமே வாடிப் போச்சு. பந்தல அவ அப்பாவால பிரிக்க முடியல, அவளேதான் பிரிச்சா. எனக்கு வேற ஒண்ணும் சொல்ல இல்ல. நாப்பது வருஷம் பின்னால போகத் தெரிஞ்சவருக்கு, இன்னும் ஒரே ஒரு நாள் பின்னால போகத் தெரியலையே."

எழுத்தர் படித்துக் காட்ட, நீர் கேட்டு, நங்கூரக் கீறலை இட்டு, உம் அலுவலைப் பார்க்கப் போய்விட்டீர். மன்றத்தில் எவருக்கும் அதன் பொருள் விளங்கவில்லை. துறையூர்க்காரர் ஆற்றைப் பற்றி ஏதோ திருத்தம் சொல்கிறார் என்றே எண்ணினர். விளங்கியவர் ஒருவரே.

அன்று உச்சிப்பொழுது, மன்றம் உணவுக்குக் கலைந்தபின், ஓலைநாயகம் தனியே இருந்தார். தாம் காக்க வேண்டிய ஓலைப்பேழையைத் தாமே திறந்தார். உம் ஓலையை எடுத்தார். அதை இன்னொருமுறை பார்க்கும் துணிவு அவருக்கு இல்லை. தம் எழுத்தாணிப் பையின் அடியில் கவிழ்த்து வைத்தார். பின் வேறோர் ஓலை எடுத்து, பவளத்துறைத் துறைத்தலைவி சொல் என்று தலைப்பிட்டு, "இப்படியொரு அன்பு அந்தக் காலத்துலதான் இருந்துச்சு. கேட்டு அழுதுட்டேன்" என்று எழுதினார். அடியில் கீறல் இட வேண்டும். அவர் கை தயங்காமல் ஒரு மீனை வரைந்தது, வால் மேல்நோக்கிச் சுருண்ட சிறு மீன்.

ஏழாம் நாள் நூல் நம் முத்திரைக்கு வந்தது. யாமும் அக்கதைக்கு அழுதவரே என்பதை மறைக்கப் போவதில்லை. கேட்டோர் ஓலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, உம் பெயரைக் கண்டு மகிழ்ந்து, கீறலைக் கண்டு நின்றுவிட்டோம். பதினெட்டு ஆண்டுகளாக உம் துறைச்செய்திகள் நம் கைக்கு வருகின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் இடப்பக்கம் சற்றே சாய்ந்த நங்கூரம் இருக்கும். இம்மீன் யாருடையது?

சேந்தரை அழைத்துக் கேட்டோம். எவ்வழக்கு வந்தாலும் அதற்கு ஒரு பறவைக் கதையோ விலங்குக் கதையோ சொல்லித் தீர்த்துவைக்கும் அவர், அன்று கதை எதையும் தொடங்காமல் ஓலைக்காகக் கை நீட்டினார். ஓலையைத் திருப்பி நீட்டினோம். மீனைப் பார்த்தார். நாம் அறிந்த அளவில், தாம் வரைந்தது என்ன என்பதையே அப்போதுதான் அவர் கண்டார். பத்தொன்பது வயதில் நீர் அவருக்கு எழுதிய மடல்களின் அடியில் இட்ட கீறல் அது. அதன்பின் நீர் துறை ஏற்றதும், மீனை விட்டு நங்கூரம் கொண்டதும், ஆயிரம் பேரைக் கரையேற்றியதும் அவர் செவிக்கு வந்த செய்திகளே. அவர் கை அறிந்தது பத்தொன்பது வயதுப் பெண்ணை மட்டும். அவளையே கதையில் நிறுத்தினார். அவள் பெயரால் பொய்யையும் எழுதினார்.

பின்னர் எல்லாம் சொன்னார். கதை அவருடையது. பந்தல் நிகழ்ந்தது. வெள்ளம் நிகழவில்லை. மணநாளுக்கு மூன்று நாள் முன்பு அவருக்கு இந்த எழுத்து மண்டபத்தில் இடம் தருவதாக அழைப்பு வந்தது; உடனே வந்து அமர்ந்தால் உண்டு, தாமதித்தால் மற்றொருவருக்கு என்றனர். வந்து அமர்ந்தார். ஆளனுப்பிச் சொல்லலாம் என்று நினைத்தார். என்ன சொல்லி அனுப்புவது என்று தெரியவில்லை. அடுத்த திங்கள் நேரில் போகலாம் என்று நினைத்தார். அடுத்த திங்கள் எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை. அப்படியே ஆண்டுகள் போயின. முதுமையில் எழுத்தாணி எடுத்தபோதும், உண்மையை எழுதுவதாகத்தான் தொடங்கினாராம். ஆற்றங்கரைக்கு வந்ததும் கை தானாக வெள்ளத்தை வரவழைத்துவிட்டது.

மறுநாள் அவர் தாமாகவே வந்து ஒரு கதை சொன்னார். இதுவரை எந்த மன்றத்திலும் அவர் சொல்லாத கதை. ஒரு மீன்கொத்தி முதுமையில் தான் பிறந்த குளத்துக்குத் திரும்பி வந்ததாம். கிளையில் அமர்ந்து, 'என்ன தெளிந்த நீர், என்ன இனிய காலை, இக்குளத்தைப் போல அன்பான குளம் உலகில் இல்லை' என்று பாடிற்றாம். நீருக்குள்ளிருந்த கிழமீன் ஒன்று தலையை நீட்டி, 'பாட்டு நன்று. அந்தக் காலை எங்களுக்கும் நினைவிருக்கிறது. உன் அலகிலிருந்து தப்பியவள் நான்' என்றதாம். மீன்கொத்தி என்ன மறுமொழி சொல்லிற்று என்று கேட்டோம். இன்னும் கிளையில்தான் இருக்கிறது, ஐயனே, என்றார்.

நங்கையாரே, இதில் நம் நாணமும் உண்டு. அந்நூலை நாட்டின் எல்லா ஊர்களிலும் படிக்கச் செய்ய எண்ணினோம். ஏன் வரவில்லை என்று கேளாத பெண்ணை அழகென்று கொண்டோம். வாயிற்காவலர் கேட்ட கேள்வி மன்றத்தில் இருந்த நமக்குத் தோன்றவில்லை. அவரை உட்காரச் சொன்ன கூட்டத்தில் நம் குரலும் இருந்தது.

ஆதலால் இவற்றைக் கட்டளையிட்டோம். மீன்கீறல் ஓலை நூலினின்று அவிழ்க்கப்பட்டது. எழுத்தாணிப் பைக்கு அடியில் கிடந்த உம் மெய்யோலை நூலின் பின்னே அன்றி முன்னே கோக்கப்பட்டது. இனி எங்கு எவர் படித்தாலும் முதலில் அதைப் படித்த பின்னரே கதை தொடங்கப்படும். கேட்டோர் ஓலையை மாற்றிய குற்றத்தைச் சேந்தர் மன்றத்தில் நின்று தம் வாயால் சொன்னார். அந்தப் பெண் யார் என்பதை மட்டும் சொல்ல விடவில்லை, அது உமக்குரியது. இவ்வோலையும் உம் கைக்கன்றி வேறெவர் கைக்கும் இல்லை. அவர் வகித்த பொறுப்பு இத்திங்கள் முடிவோடு பிறருக்குச் செல்கிறது.

அவர் இன்னொன்று வேண்டினார். வரும் பங்குனியில் குழலாற்றில் இறங்கி, நடந்தே பவளத்துறை வந்து, பந்தல் நின்ற இடத்தில் ஒரு பகல் நிற்க வேண்டும் என்றார். யாம் அதற்கு விடை தரவில்லை. அது அரசன் தரும் விடையன்று. இதனுடன் எழுதாத ஓலை ஒன்று வருகிறது. அதில் நங்கூரக் கீறல் இட்டு அனுப்பினால் அவர் வருவார். நீர் கதவைத் திறக்கவும் வேண்டியதில்லை. வெறுமையாகத் திருப்பினால் அவர் காலடி உம் மண்ணில் இராது. திருப்பாமலே இருந்தால் அதையும் விடையாகவே கொள்வோம், மறுமுறை கேளோம். விளக்கு எண்ணெய் இவ்வோலையின் பொருட்டன்றி, உம் துறையின் தேவைப்படி முன்னரே புறப்பட்டுவிட்டது.

இச்சொற்கள் நம்முடையவை. இவற்றை எழுதும் பணியை மற்றோர் எழுத்தருக்குத் தர எண்ணினோம். தருவது முறையன்று என்று பின்னர் தெளிந்து, தம்மைப் பற்றிய இவ்வோலையை, சொன்னது சொன்னபடி, ஓர் எழுத்தும் திருத்தாமல், சேந்தர் கையாலேயே எழுதப் பணித்தோம்.

குன்றும் கதிரும் பொறித்த அரச முத்திரை இடப்பட்டது. ஆணை நிற்க.

கோ அருங்குன்றன் திருவாய்மொழிப்படி எழுதியவன் கீரஞ்சேந்தன். எழுதும்போது ஓரிடத்தில் கை நின்றது, மன்னர் காத்திருந்தார். அவ்வாண்டுப் பங்குனியில் குழலாற்றில் முழங்கால் நீரே ஓடிற்று. இது என் எழுத்து.