உட்கார்ந்தே பேசிய வெள்ளிக்கிழமைகள்

அப்பா,

நேற்று மாலை அம்மாவோடு திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டுடியோவுக்குப் போயிருந்தேன். மெஷினிலிருந்து வந்த போட்டோக்களைக் கடைக்காரர் வெட்டி என் கையில் கொடுத்தபோது அவை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தன. வெள்ளைப் பின்னணியில், வரிசைக்கு நான்காக, எட்டு அம்மாக்கள். புதுப் போட்டோவின் அந்த மருந்து வாசம் மூக்கில் ஏறியதும் நான் யூ.கே.ஜி. பிள்ளை ஆகிவிட்டேன். அன்றைக்கு இதே கடையில், இதே வாசத்தோடு, எட்டு அப்பாக்களை என் கையில் கொடுத்தீர்கள். "எண்ணிப் பாரு தாயி. ஒருத்தன் கொறஞ்சாலும் பிளேன்ல ஏத்த மாட்டான்" என்றீர்கள். நான் இரண்டு முறை எண்ணினேன்.

"காது தெரியணும்மா, முடிய ஒதுக்குங்க. சிரிக்கக் கூடாது, விசா போட்டோ" என்றார் கடைக்காரர். அம்மாவின் உதடு நேராக நிற்கவே இல்லை. மூன்றாவது முறை எடுக்கும்போது அவர், "என்னம்மா, பொண்ணு பாக்கவா வாராக?" என்று கேட்டார். அம்மா தரையைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அம்மா வேறு வழியில்லாமல் போகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. அம்மாவுக்குப் போக ஆசையாக இருக்கிறது.

மஸ்கட்டில் ஒரு பெரிய மருத்துவமனையில் நர்ஸ் வேலை. நீங்கள் ஒன்பது வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்த அதே ஊர். சனிக்கிழமைக்குள் சம்மதமா இல்லையா என்று ஏஜென்ட்டுக்குச் சொல்லியாக வேண்டும். "நீ வேணாம்னா நான் போகல. நீ சொல்றதுதான்" என்று அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற ஒருத்தியிடம் இப்படி ஒரு விஷயத்தைக் கொடுத்தால் அவள் எப்படித் தூக்குவாள்?

போன ஞாயிற்றுக்கிழமை சின்னாளப்பட்டியிலிருந்து மாமா வந்தார். சேலைக் கடையை மூடிவிட்டு, அம்மாவிடம் சண்டை போடுவதற்கென்றே வந்திருந்தார்.

"மச்சான் போன ஊருக்கேதான் நீயும் போகணுமா? அந்த ஊருக்கு நம்ம குடும்பத்த நேந்தா விட்டிருக்கு?"

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே பேசினாள். "ஊரு அவர ஒண்ணும் பண்ணலண்ணே. புண்ணுதான் பண்ணுச்சு."

"வயசுப் பிள்ளைய விட்டுட்டுப் போறேங்குற."

"ஒங்க வீட்லதான விட்டுட்டுப் போறேன். ரோட்டுலயா விடுறேன்?"

"திண்டுக்கல்லுல ஊசி குத்த எடமே இல்லையாக்கும்?"

"இங்க ரெட்ட டூட்டி பாத்துட்டு வந்து பிள்ள மொகத்த முழிச்சுக்கிட்டா பாக்குறேன்? பாதித் தூக்கத்துல பாக்குறேன். பதினாலு வருசமா அதே சிஸ்டர், அதே வார்டு. எங்கிட்ட வேல கத்துக்கிட்ட பிள்ளைகள்லாம் அயர்லாந்து போயிருச்சுக. ஏர்போர்ட்ல எடுத்த போட்டோவ எனக்குத்தான் அனுப்புதுக."

மாமா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு பாப்பா. ஒங்கம்மா போகணுமா, வேணாமா?"

அம்மாவின் கை வெங்காயத்தில் நின்றது. "போகட்டும் மாமா. நான் இருந்துக்குவேன்" என்றேன். அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாதபோதுதான் நான் இவ்வளவு வேகமாகக் கை தூக்குவேன்.

அவர் போனதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடுவில் ஒரு கோடு போட்டேன். இடது பக்கம், நீங்கள் வெளிநாடு போனதால் நமக்குக் கிடைத்தவை. வலது பக்கம், போனவை. புத்தகங்களில் இப்படித்தான் முடிவெடுக்கிறார்கள். முதலில் 'அகரத்தில் நீங்கள் கட்டிய நம் வீடு' என்று இடது பக்கம் எழுதினேன். உடனே, அந்த வீட்டில் நீங்கள் படுத்துத் தூங்கியது மொத்தமே நான்கு விடுமுறைகள் என்பது நினைவுக்கு வந்தது. அதே வீட்டை வலது பக்கமும் எழுதினேன். என் பள்ளிக்கூடத்தை எழுதினேன். பரிசளிப்பு விழாக்களில் காலியாக இருந்த உங்கள் நாற்காலி ஞாபகம் வந்தது. நான் கேட்டேன் என்று நீங்கள் வாங்கி வந்த பெரிய ஆங்கில அகராதியை எழுதினேன். "இந்த எடைக்கு ரெண்டு டஜன் தைலம் வந்திருக்கும் தாயி, தெருவுக்கே மூக்கடைப்பு தீந்திருக்கும்" என்று சொல்லித்தான் அதைப் பெட்டியிலிருந்து எடுத்தீர்கள். அதற்கு மட்டும் வலது பக்கம் ஒன்றும் தோன்றவில்லை.

இன்னொன்றையும் இடது பக்கம் எழுதினேன், மற்றவற்றைவிடப் பெரிய எழுத்தில். இரண்டாவது விடுமுறையில் வந்தபோது சொன்னீர்கள்: "அங்க என்னைய எல்லாரும் மாஸ்டர்ங்குறாங்க. எந்தத் தெருக்காரன்னு ஒருத்தனும் கேக்கல." அதைச் சொன்னபோது உங்கள் முதுகு நிமிர்ந்திருந்தது. மறுநாள் நம் ஊர் டீக்கடையில் உங்கள் குரல் பழையபடி தணிந்ததையும் பக்கத்தில் நின்று கேட்டேன். வீட்டைக் கட்டியது மட்டும்தான் வெளிநாடு செய்த நல்லது என்று மாமா நினைக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பக்கம் நிறைந்தது. முடிவு வரவில்லை. ஒன்றை மட்டும் நான் எந்தப் பக்கமும் எழுதாமல் விட்டிருந்தேன்.

நம் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது, அப்பா. எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா உங்களிடம் போனில் அழுதுவிட்டாள். லீவு கிடைக்காமல் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தீர்களாம். ஏணியில் ஏறும்போது தலை சுற்றி விழப் பார்த்தீர்களாம். நான் தேறிய பிறகு சொன்னீர்கள்: "இனிமே கெட்ட சேதி போன்ல வேணாம். கேட்டா நான் பறந்தா வர முடியும்?" நம் வீட்டில் மட்டும் இல்லை. ஆள் வெளிநாட்டில் இருக்கிற எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். எதிர்வீட்டுச் சித்தப்பா செத்ததைச் சவூதியில் இருந்த அவர் மகனுக்குக் கருமாதி முடிந்துதான் சொன்னார்கள். அதுவரை அவன் கேட்கும்போதெல்லாம் "தோட்டத்துக்குப் போயிருக்காரு" என்றார்கள். அன்பாக இருப்பதற்கு எங்களுக்குத் தெரிந்த வழி அது.

ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் வீடியோ அழைப்பில் நாங்கள் நன்றாக இருந்தோம். நீங்களும் நன்றாக இருந்தீர்கள்.

நீங்கள் நடந்துகொண்டே பேசுகிறவர். நீங்கள் தங்கியிருந்த கேம்ப்பின் மொட்டை மாடியில் போனைப் பிடித்தபடி சுற்றுவீர்கள். தண்ணீர்த் தொட்டி, காயப்போட்ட சட்டைகள், தூரத்தில் புல் முளைக்காத மலைகள் எல்லாம் ஆடி ஆடி வரும். "பாத்தியா, நம்ம மலைக்கோட்டைக்குப் பங்காளிக. ரேஷன் கடை மாதிரி வரிசையா நிக்கிறானுக" என்பீர்கள். உங்கள் முகத்தைவிட அந்த மலைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருப்பேன்.

நான் ஒன்பதாவது படித்தபோது, அரையாண்டு விடுமுறை முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை, நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து பேசினீர்கள். அலுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வெள்ளியும் அதே கட்டில், பின்னால் அதே வெள்ளைத் தலையணை. மூன்றாவது வெள்ளியும் அப்படித்தான். "அப்பா, மலை காட்டுங்க" என்றேன்.

"மண்டையப் பொளக்குது வெயிலு. இன்னொரு நாளைக்குத் தாயி."

அது ஜனவரி மாதம். ஜனவரியில் அங்கே குளிர்காற்று வீசும், ஸ்வெட்டர் போடுவோம் என்று முந்தின வருடம் எனக்குச் சொன்னதே நீங்கள்தான். நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. "சரிப்பா" என்றேன். சட்டத்தை மீறக் கூடாது அல்லவா? நான் எப்போதும் நல்ல பிள்ளை.

மார்ச்சில் மதுரை விமான நிலையத்தில் உங்களைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அம்மா முகத்தைப் பார்க்கவில்லை, நேராகக் காலைப் பார்த்தாள். அத்தனை பேர் நடக்கிற இடத்தில் தரையில் மண்டி போட்டு, காலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தாள். புண்ணின் வாசம் எனக்கே வந்தது. பூட்ஸுக்குள் ஒரு சின்ன ஸ்க்ரூ கிடந்திருக்கிறது. சர்க்கரையால் மரத்துப்போன காலுக்கு, அது குத்தியது அன்று முழுவதும் தெரியவில்லை. உங்களுக்குச் சர்க்கரை இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"சர்க்கரப் புண்ணுக்குத் தெனம் கட்டுப் போடுறவ நானு. எங்கிட்ட சொல்லலையே."

"சொன்னா தவிப்பியேன்னுதான்" என்றீர்கள். அம்மா துணியை மறுபடி சுற்றினாள். ஆஸ்பத்திரியில் உங்கள் காலை எடுத்தார்கள். அது போதவில்லை. பதினோராம் நாள் நீங்கள் இல்லை.

இரண்டு வருடமாக நான் யாரிடமும் சொல்லாதது அந்த மூன்றாவது வெள்ளிக்கிழமையைத்தான்.

நேற்று ஸ்டுடியோவிலிருந்து அகரம் வந்து சேர்ந்து, அம்மா சோற்றுக்கு வெஞ்சனமாகக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். போவது உறுதியானதுபோல் பேச்சு வந்தது. "மாமா வீட்ல மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காத. காய்ச்சல் கீய்ச்சல்னா அத்தகிட்ட சொல்லு, மாமா கூட்டிட்டுப் போவாரு. எங்கிட்ட சொல்லாத. அங்க ஒக்காந்துக்கிட்டு நான் என்ன செய்ய முடியும்?"

எனக்குச் 'சரி' என்று வரவில்லை. அதற்குப் பதிலாக, "அப்பா ஒக்காந்தே பேசுனத நான் அப்பவே பாத்தேம்மா" என்று வந்தது. தலையணையைச் சொன்னேன், மலையைச் சொன்னேன், ஜனவரி வெயிலைச் சொன்னேன்.

அரிவாள்மணையிலிருந்து அம்மா எழுந்துவிட்டாள். "அப்பவே ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க ரெண்டு பேரும்தான கெட்டது பேசக் கூடாதுன்னு வச்சிருந்தீங்க?"

அவள் அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து நின்றாள். குக்கர் இரண்டு விசில் அடித்தது, அணைக்கவில்லை. பிறகு மிக மெதுவாகச் சொன்னாள்.

"ஜனவரியில வெயிலுன்னா பொய்யின்னு எனக்கும் தெரியாதா?"

குக்கர் மறுபடி விசில் அடித்தது. அவள் நிறுத்தவில்லை.

"அந்த மாசம்தான் அவர சூப்பர்வைசர் ஆக்குறேன்னு சொல்லியிருந்தாங்க. என்னன்னு கேட்டா காட்டிருவாரு. காட்டுனா, கெளம்பி வாங்கன்னு நான் சொல்லணும். கொஞ்ச நாளு பொறுப்போம், அலுப்பாத்தான் இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நர்ஸு நானு."

அடுப்பை அணைத்தேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் போகல. அந்தப் போட்டோவக் கிழிச்சுப் போடு" என்றாள்.

நான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தது அந்தச் சொல்லைத்தான் அப்பா. கவர் என் பைக்குள்தான் இருந்தது. கிழித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அம்மா என்னோடு இருந்திருப்பாள். அதே வார்டில், அதே சிஸ்டராக, இன்னும் பதினாலு வருடம். அவள் எனக்காக இருந்தாள் என்று நான் ஊருக்குச் சொல்லியிருப்பேன். பயந்துகொண்டு இருந்தாள் என்பது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்திருக்கும்.

"மாமாகிட்ட நான் சொன்னது பொய்யிம்மா" என்றேன். "நீ போறது எனக்குப் பிடிக்கல. மாமா வீட்ல நான் இருந்துக்க மாட்டேன், அழுவேன். ஆனா ஒனக்குப் போகணும்னு இருக்கு. போ. போயிட்டு, கெட்டது எல்லாத்தையும் சொல்லு. நானும் சொல்லுவேன்."

அம்மா என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "அழுதா போன்ல அழு" என்றாள். "நான் பாக்குற மாதிரி அழு. தெரியுதா?"

இன்று சனிக்கிழமை. காலையில் பையை எடுத்துக்கொண்டு ஏஜென்ட் அலுவலகத்துக்குக் கிளம்பியவள், வாசலில் செருப்பை மாட்டும்போது, தினமும் கேட்பதுபோல "சாப்டியா?" என்றாள். தினமும் நான் சொல்கிற பதில் நாக்கு நுனியில் இருந்தது. "இல்லம்மா. எறங்க மாட்டேங்குது, ஒரு மாதிரி இருக்கு" என்றேன். அம்மா செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாடிக்கொம்புப் பக்கமிருந்து வந்த ஒன்பதரைப் பேருந்து ஹாரன் அடித்து நிற்பதும், பிறகு கிளம்பிப் போவதும் கேட்டது. அடுத்த பேருந்தில்தான் போனாள்.

மஸ்கட்டிலிருந்து அவளால் இப்படித் திரும்பி வந்து உட்கார முடியாது என்று எனக்குத் தெரியும். சொன்னாலும் பறந்து வர முடியாது என்று நீங்கள் சொன்னது உண்மைதான். அவள் போவது சரியா என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. என்னிடம் இருப்பது உங்களிடம் கேட்காமல் விட்ட ஒரு கேள்விதான். "கால்ல என்னப்பா?" என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. அதைச் சொல்ல ஒரு மூச்சுகூட ஆகாது. இந்த இரண்டு வருடத்தில் நான் தூக்கியதிலேயே கனமானது அதுதான். அதை இறக்கி வைக்க எனக்கு இடமில்லை, அப்பா. அதைப் போல இன்னொன்றை மட்டும் நான் சேர்த்துவைக்க மாட்டேன்.