புத்தக எடையும் என் இடது காலும்

அண்ணே,

நேற்று உங்கள் மகன் எதிரில் ஒரு புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் படித்தேன். அவன் வாங்கியிருக்கும் புதுக் காரோடு கொடுத்த வழவழப்பான புத்தகம். உள்ளே முழுக்க இங்கிலீஷ். நடுநடுவே தலையை வேறு ஆட்டிக்கொண்டேன். "சித்தப்பா, திருப்பிப் பிடிங்க" என்றான், ரொம்ப மரியாதையாக. திருப்பினால் எண்கள் தெரிந்தன. எண் எனக்குத் தெரியும். "இதுல எடை எதுப்பா?" என்றேன். விரல் வைத்துக் காட்டினான். அந்தத் தாள் வாசனை மூக்கில் ஏறியதும் நீங்கள் எதிரே வந்து நின்றுவிட்டீர்கள்.

நீங்களும் இப்படித்தான் ஒரு புத்தகத்தோடு நான் வேலை பார்க்கும் அரிசி ஆலைக்குள் வந்தீர்கள். கறுப்பு டாக்ஸியை வாங்கிய புதிது. நான் நெல் லாரிகளுக்கு எடை போடுகிறவன். வாசலில் லாரி ஏறி நிற்க இரும்புத் தட்டு. அதை ஒட்டிய அறையில் நீளக் கம்பி, அதில் நகரும் குண்டு. கம்பி நடுவில் மிதந்தால் அதுதான் எடை. "வண்டி என்ன எடைன்னு கம்பெனிக்காரனே எழுதிருக்கான். உன் மேடை சரியா இருக்கான்னு பாப்போம்" என்று காரை ஏற்றினீர்கள்.

நூற்றைம்பது கிலோ கூட இருந்தது.

"படிச்சவன் எழுதுனது பொய்யி, ரெண்டாங் கிளாசு படிச்ச நீ சொல்றது நெசமா?"

"கம்பிக்குப் படிப்பே இல்லண்ணே. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அன்றிலிருந்து மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, லாரி இல்லாத மத்தியானத்தில், காரை இளைக்க வைக்க வருவீர்கள். ஸ்டெப்னியை இறக்குவீர்கள், ஜாக்கியை இறக்குவீர்கள், கண்ணாடியில் தொங்கும் ஜெபமாலையைக்கூடக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வீர்கள். அந்தச் சட்டையோடு காரிலேயே உட்கார்ந்திருப்பீர்கள். கைபிரேக் பிடிக்காது, இறங்கினால் கார் உருண்டுவிடும். எத்தனை இறக்கினாலும் நூற்றைம்பதுக்குப் பக்கத்திலேயே நிற்கும். கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று டீ குடிக்கும்போதெல்லாம் பொருமுவீர்கள்.

அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். தொண்ணூறு நீங்கள். பெட்ரோலும் கூரைமேல் இருக்கும் கேரியரும் ஒரு முப்பது. மீதி முப்பது, அறை வாசலில் நின்றபடி தட்டின் ஓரத்தில் நான் ஊன்றியிருந்த இடது கால். இறக்குகிற பொருளுக்குத் தக்கபடி அழுத்திக்கொள்வேன். அதில் எனக்கு நல்ல பழக்கம்.

நாலைந்து வருடம் இப்படி ஓடியது. பிறகு ஒரு மழைக்காலத்தில் மூன்று மாதம் நீங்கள் வரவில்லை. வந்த அன்று வழக்கம்போல் காலை ஊன்றினேன். கம்பி எழவில்லை. குண்டைப் பின்னால் நகர்த்தினேன். இன்னும் பின்னால். எப்போதும் நிற்கிற இடத்துக்கு முப்பது கிலோ முன்னாலேயே நின்றது. காரைப் பார்த்தேன். எல்லாம் அப்படியே இருந்தன. ஸ்டியரிங் பின்னால் உங்கள் சட்டைதான் பெரிதாக இருந்தது.

"அண்ணே, நீங்க எளைச்சிட்டீங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"காருதானடா எளைச்சிருக்கு. நான் ஜெயிச்சிட்டேன்."

வேறு வழியில்லாமல் காலைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இத்தனை வருடமும் ஊன்றினேன், இன்றும் ஊன்றினேன், அப்படியும் குறைகிறது என்றேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "இன்னிக்கு மட்டும் காலு வச்சிருக்க மாட்டே. என்னைய பயமுறுத்தப் பாக்குற. ஒன்னைய எனக்குத் தெரியாதா?"

கேலிக்காரன் உண்மை சொன்னால் என்ன ஆகும் என்று அன்றுதான் தெரிந்தது. இரண்டு மூன்று தடவை சத்தியம் செய்தேன். ஒவ்வொரு சத்தியத்துக்கும் கூடுதலாகச் சிரித்தீர்கள்.

மறுநாள் சைக்கிளில் தலத்தெருவில் உங்கள் வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணியும் காரில் வந்து இறங்கினார். கம்பியை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, நான் இருபதடி தள்ளிப் போய் நின்றேன். செருப்பு இரண்டையும் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் கார் ஜன்னல் வழியாக என் காலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அண்ணி குண்டை மெல்ல நகர்த்தினார். புத்தக எடைக்கு மேல் தொண்ணூறு. "அதுல முப்பது பெட்ரோலும் கேரியரும்னா, இவரு அறுபதா?" என்றார்.

நீங்கள் சிரிக்கவில்லை. "சட்டை லூசாப் போச்சுன்னு சொன்னப்ப தையக்காரனத் திட்டுனீங்க" என்று அண்ணி மட்டும் மெதுவாகச் சொன்னார். கார் வீட்டுக்குத் திரும்பவில்லை, நேரே ஆஸ்பத்திரிக்குப் போனது. சர்க்கரை என்றார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கையை விரித்திருப்போம் என்றார்களாம்.

ஊசியும் கோதுமைக் கஞ்சியுமாக ஆறு மாதம். எண்பது கிலோவாக வந்து இறங்கினீர்கள், கையில் சிவப்புப் பெயிண்ட் டப்பா. அறை வாசலில், தட்டுக்கு ஒரு முழம் தள்ளி, நீங்களே குனிந்து கோடு போட்டீர்கள். "இதுக்கு அந்தப் பக்கமே நில்லுடா. இனிமே நீ சொல்றத நான் நம்பணும்ல."

அதன் பிறகு ஒன்பது வருடம் நம்பினீர்கள். போன வருடம் நீங்கள் போன பிறகும் நான் கோட்டைத் தாண்டவில்லை. லாரிக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இன்று மத்தியானம் உங்கள் மகன் புதுக் காரை எடை போடக் கொண்டுவந்தான். தட்டில் ஏற்றிவிட்டு இறங்கிக்கொண்டான். இந்தக் காருக்குக் கைபிரேக் பிடிக்கிறது. புத்தகத்தைவிடப் பதினைந்து கிலோ கூட. பெட்ரோலைக் கழித்தால் சரியாக இருக்கிறது. ஆள் இல்லாத காரில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அண்ணே. சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

உங்கள் மகன் வருகிறான் என்று கோட்டுக்குப் புதுப் பூச்சு கொடுத்திருந்தேன். காயவில்லை என்பதைச் சொல்ல விட்டுப்போயிற்று. அவன் கோணலாகப் பின்னால் எடுத்தான். கார் வெள்ளை நிறம். தலத்தெரு வளைவு வரைக்கும் சாலையில் சிவப்புத் திட்டு இருக்கிறது, நாலு முழத்துக்கு ஒன்று.