அத்தை வேண்டிக்கொண்டது

ஜூலை 20, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவது போல் இருட்டிக்கொண்டு, வராமலே போயிற்று. கம்பெனி பஸ் புதுவாயல் கூட்டு ரோட்டில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டி லேட். கும்மிடிப்பூண்டி போய்ச் சேருவதற்குள் முதுகெல்லாம் ஈரம்.

எச்.ஆர். மேடம் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று தோன்றும். கெட்ட சேதி இல்லை. புனேயில் புது லைன் ஆரம்பிக்கிறார்களாம். அங்கே இருக்கும் பெண்களுக்கு ஒயரிங் செக்கிங் சொல்லிக்கொடுக்க ஆறு மாசம் போகணும். போன மாசம் மூன்று வாரம் போய் வந்தேனே, அதில் என் வேலை அவர்களுக்குப் பிடித்துவிட்டதாம். அடுத்த திங்கள் பதில் வேண்டும். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் சுமதி என்றார். கேட்டுவிட்டு. அதுதானே பாடு.

முதலில் சந்தோஷம்தான். பொய் சொல்லுவானேன். சீட்டுக்குத் திரும்பி நடக்கும்போதே பயம் பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் ஆரணியில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை, ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. கீ.டி. என்று ஓடிவிடாதே, பெரியபாளையம் போகிறோம் என்றார். நான் புனேயில் இருந்தபோது எனக்காக அம்மனுக்கு வேண்டிக்கொண்டாராம். நல்லபடியாக வந்துவிட்டேன் அல்லவா, நான் வேப்பிலைக் கொத்துகளால் வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றணும். கோழியும் சொல்லிவைத்தாயிற்று. என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "செலுத்தறதுக்கு முன்னால வெளிய சொல்லக்கூடாது" என்று முருங்கைக்கீரையை உருவ ஆரம்பித்தார்.

ஆறு மாச விஷயத்தைச் சொல்லவில்லை.

ஜூலை 21, செவ்வாய்

வாங்க: நிஷாவுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ். உளுந்து. பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் (சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, இனி நானே வாங்கி மாட்டிக்கொள்கிறேன்).

தாழ்ப்பாள் உடைந்து வருஷக்கணக்காயிற்று. உள்ளே இருந்து பாட்டுப் பாடிக்கொண்டோ, இருமிக்கொண்டோ குளிப்போம். புனே போவதற்கு முன்னால் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. வந்த நாளிலிருந்து எல்லாம் கண்ணில் குத்துகிறது. எல்லோரும் தின்னும்போது நான் நின்றுகொண்டிருக்கிறேன். நான் தின்னும்போது தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கிறேன். யாரும் அப்படி இருக்கச் சொல்லவில்லை. நானாகத்தான்.

அங்கே கெஸ்ட் ஹவுஸில் எனக்கென்று ஒரு ரூம், சாவி என் கையில். ஷிப்ட் முடிந்து முதல் நாள் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அழுதேன். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. சாயங்காலம் தனியாக நடந்து போவேன். முனைக் கடையில் போஹா, நம் அவல் உப்புமா மாதிரி. எனக்குத் தெரிந்த இந்தி ஏக், தோ, பஸ் (போதும்). அந்தக் கடைக்காரருக்கு அது போதும். ஒரு நாள் பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். ரூமுக்குத் திரும்பியதும் போனைப் பார்த்தால் நிஷா கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருந்தாள். அன்றைக்கு இந்த வீட்டு ஞாபகமே எனக்கு வரவில்லை. பெற்ற பிள்ளை ஞாபகம் கூட.

இதை யாரிடமும் சொன்னதில்லை. எழுதும்போதே கை கூசுகிறது.

ஜூலை 22, புதன்

வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடித்து மில்லிலிருந்து வந்தார். மூக்கைச் சுற்றிக் கரி. டீ கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். கோபிக்கவில்லை. நல்ல மனுஷன்தான். "எனக்கு இன்னா, நீ போய்ட்டு வா. அம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பொறுப்பைத் தள்ளிவிட்டால் நன்றாகத் தூக்கம் வரும் போலிருக்கிறது.

பஸ்ஸில் பக்கத்து சீட் மேரியிடம் சொன்னேன். என்னோடு ஒரே லைனில் சேர்ந்தவள். வேண்டுதல் கதையைக் கேட்டதும் சிரித்தாள். "மாமியாரு இன்னாத்த வேண்டிக்குவாங்க? இவ இனிமே வாசப்படிய தாண்டக்கூடாதுன்னுதான். நீ அந்த வேப்பஞ்சேலய கட்டுனா கையெழுத்து போட்டா மாரி." அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். நான் நாஷ்டா டப்பாவைப் பாதியில் மூடிவிட்டேன்.

அப்படி இருந்தால்? அம்மனுக்கு முன்னால் சுற்றிவிட்டு, மறுநாளே போய் ‘வருகிறேன் மேடம்’ என்று சொல்ல முடியுமா? சொன்னால் அம்மன் சும்மா விடுவாளா?

எனக்கு இதிலெல்லாம் பாதி நம்பிக்கைதான். அந்தப் பாதிதான் பாடாய்ப் படுத்துகிறது.

ஜூலை 23, வியாழன்

நிஷாவுக்குக் காய்ச்சல். கழுத்தில் இரண்டு சிவப்புக் கொப்புளம்.

ஆடி மாசம், கொப்புளம், காய்ச்சல். அம்மைதான் என்று முடிவு கட்டிவிட்டேன். நான் மனசில் நினைத்ததற்கே இது என்றால், போனால் என்ன ஆகும்? லீவு போட்டேன். அத்தை வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, தாளிக்கக் கூடாது என்று அடுப்பை அணைத்தார். போகவில்லை, போகவில்லை என்று அம்மன் படத்துக்கு முன்னால் முணுமுணுத்தேன். நிஷா கழுத்தைச் சொறிந்துகொண்டே, "ஏம்மா அழுவுற? ஸ்கூல்ல கொசு கடிச்சிதும்மா" என்றாள்.

வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். கொசுக்கடிதான். காய்ச்சல் அதனால் இல்லை, தொண்டையில் சளி. டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு உங்களுக்குத்தான் பி.பி. பார்க்கணும் என்றார்.

வாசலில் செருகிய வேப்பிலையை அத்தை எடுக்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டுமாம்.

ஜூலை 25, சனி

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை. பயந்தேன், வேலை செய்தேன், பயந்தேன்.

நிஷா தேறிவிட்டாள். பரோட்டா கேட்கிறாள்.

கோழி வந்துவிட்டது. கொல்லைப் பக்கம் கூடையில். அத்தை பித்தளைச் சொம்பு, மஞ்சள், பொங்கல் பானை எல்லாம் எடுத்து வைத்துவிட்டார். அவருக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. தைலம் தேய்த்துவிட்டேன். நீங்கள் வரவேண்டாம், நாங்கள் மட்டும் போகிறோம் என்றேன். நான் வேண்டிக்கொண்டதற்கு நான் வராமலா என்றார். நல்லவர். நான் புனேயில் இருந்த மூன்று வாரமும் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நிஷாவுக்கு டிபன் கட்டிக் கொடுத்திருக்கிறார். அவரைக் கெட்டவராக நினைக்க முடிந்தால் எனக்குச் சுலபமாக இருக்கும்.

ஜூலை 26, ஞாயிறு

பெரியபாளையத்தில் கூட்டம் சொல்லி மாளாது. ரோட்டோரமெல்லாம் பொங்கல் அடுப்பு, புகை, மொட்டைத் தலைகள். ஆற்றில் குளிக்கிற மாதிரி தண்ணீர் எங்கே, குழாயடியில்தான். ஈரச் சேலையோடு நின்றேன். வீட்டுக்காரர் கோழியைப் பிடித்துக்கொண்டு நிழலில். நிஷா என் செருப்புக்குக் காவல்.

அத்தை கயிற்றில் கோத்த வேப்பிலைக் கொத்துகளை என் இடுப்பைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தார். குனிந்து நிமிரும்போதெல்லாம் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். இலை உடம்பில் பட்டதும் எனக்குத் தாங்கவில்லை. கேட்டுவிட்டேன்.

"இனிமே நான் எங்கயும் போவக்கூடாதுன்னா வேண்டிக்கினீங்க அத்தை?"

"சீ, அப்டி யாராவது வேண்டுவாங்களா? உன் பொழப்பாச்சே." முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னார். "உனுக்கு அந்த ஊரு புடிக்கக்கூடாதுன்னு வேண்டிக்கினேன்."

நான் ஈரத் தலைப்பைப் பிழிந்தேன்.

"புடிச்சிப் போச்சின்னா உடம்பு மட்டும்தான் திரும்பி வரும். நீதான் வந்த நாள்லேர்ந்து ஊட்டு வேலய பாத்துக்கினு கீறியே. ஆத்தா காப்பாத்திட்டா."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மூன்று சுற்று சுற்றினால் முடிந்தது. அத்தைக்குச் சந்தோஷம், எனக்குப் புனே. அவர் தடுக்கவே போவதில்லை என்று தெரிந்துவிட்டதே. ஆனால் எதிரே கோபுரம். அந்த இலையைக் கட்டிக்கொண்டு, நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லிச் சுற்ற வேண்டும். அதைவிடவும், உடம்பு மட்டும் என்றாரே, அது என்னை அப்படியே பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. இத்தனை நாளாக அதுதான் என் வியாதி. எனக்குப் பெயர் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"எனக்கு புடிச்சிருந்துது அத்தை."

அடுத்த கொத்தை எடுத்தார். காதில் விழவில்லையோ என்று திரும்பவும் சொன்னேன். கை நின்றது. திட்டுவார் என்று நினைத்தேன்.

"ரொம்பவா?"

"ரொம்ப."

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். "அப்ப கழட்டு" என்றார். "நடக்காததுக்கு எப்டி செலுத்தறது? ஆத்தாவயே ஏமாத்தச் சொல்றியா?"

கட்டிய முடிச்சுகளை நானே ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள் நான் தூரமாகிவிட்டேன் என்று நினைத்து, நிஷாவைத் தள்ளி நிற்கச் சொன்னார். இல்லை என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. வெளியிலேயே கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டோம். கோழியை என்ன செய்வது என்று வீட்டுக்காரர் கேட்டுப் பார்த்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அத்தை ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார், ஆரணி வரை.

ஜூலை 27, திங்கள்

காலையில் அத்தையிடமிருந்து காபி வந்தது. பேச்சு வரவில்லை.

லஞ்ச் டைமில் மேடத்திடம் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டு தரம் சொல்ல வேண்டியதாயிற்று. சுதந்திர தினம் முடிந்ததும் கிளம்பணும். வீட்டுக்காரருக்குப் போன். பின்னால் மில் இரைச்சல். அப்புறம், நிஷா ஸ்கூல் மீட்டிங்குக்கு நான் போய்க்கொள்கிறேன் என்றார். அவர் அந்தப் பள்ளிக்கூடத்து கேட்டைக்கூடத் தாண்டியதில்லை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

சாயங்காலம் நல்ல மழை. கரண்ட் இல்லை. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து நானே சொன்னேன். அவர், அங்கே அப்படி என்னதான் பிடித்தது என்று கேட்டார். கட்டடம், ரூம், போஹா என்று என்னென்னவோ சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"யாரும் என்னைத் தேடல அத்தை."

சொன்ன பிறகுதான் அது எப்படிப்பட்ட பேச்சு என்று உறைத்தது. காலில் விழுந்துவிடலாமா என்று இருந்தது. அத்தை முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம், என்றைக்குக் கிளம்பணும் என்றார். சொன்னேன்.

"இந்த வாட்டி நான் ஒண்ணும் வேண்டிக்க மாட்டேன். போறது நீ. நீயே வேண்டிக்கோ."

எழுந்து உள்ளே போய்விட்டார். நான் அம்மன் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். பத்திரமாகப் போய் வரணும், நிஷா நன்றாக இருக்கணும், அத்தைக்கு முழங்கால் சரியாகணும், எல்லாம் கடகடவென்று வந்துவிட்டது. ஒன்று மட்டும் பாக்கி. திரும்பி வரும்போது இந்த வீடு எனக்குப் பிடிக்கணும். நாக்கு நுனிவரை வந்தது. வேண்டிக்கொண்டு, அது நடக்காமல் போய்விட்டால்? கேட்காமலே வந்துவிட்டேன்.