குன்வோரின் இடப்பக்கம்

1986 நவம்பர் 6, வியாழன்
காலையிலிருந்து மழை. டிராம் பணிமனையில் பெட்டி கழுவிக் கழுவிக் கை விறைத்துவிட்டது. சாயங்காலம் வழக்கம்போலப் பழைய பியர் கூடத்தில் பட்டாணி சூப். பரிமாறும் ஓசா குனிந்து கேட்டாள்: "டூரே ஓய்வு பெறுறாராமே? விருந்து இங்கதான். உனக்குச் சொல்லலையா?"

என் பிழைப்பைக் கெடுத்தவனின் விருந்துக்கு எனக்கு எவன் சொல்லுவான்! சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

நவம்பர் 9
சொல்லிவிட்டார்கள். டூரேவின் மனைவி குன்வோர் போன் செய்தாள். "வர்ற இருபத்திரெண்டாம் தேதி, சனிக்கிழமை. நீ என் இடப்பக்கம் உக்காரணும், அல்கோட். வேற யாரையும் நான் கேக்கல."

இடப்பக்கம்! எங்கள் வழக்கப்படி, விருந்து கொடுக்கிறவளின் இடப்பக்கம் உட்காருகிறவன்தான் சாப்பாடு முடிந்ததும் எழுந்து எல்லோருக்குமாக நன்றி சொல்ல வேண்டும். அவன் பேசும்போது யாரும் குறுக்கே பேச முடியாது. தெரிந்துதான் கூப்பிட்டாளா? எதற்கு? எப்படியோ, இத்தனை வருடம் நான் காத்திருந்தது வீடு தேடி வந்திருக்கிறது.

நவம்பர் 12
பல வருடம் முன்னால் டூரே எனக்குச் செய்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன், பேச்சில் ஒன்றும் விட்டுப்போகக் கூடாது. அப்போது நானும் டூரேவும் டிராம் ஓட்டுநர்கள். புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு இரண்டு பேரும் மனுப் போட்டிருந்தோம். ஒரு நாள் காலை அவன் மேலாளரிடம் போய், அல்கோட் குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்றான். நான் காப்பியைத் தவிர எதையும் தொடவில்லை. ஊதச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை, பாவிகள். வேலை அவனுக்கு. எனக்குக் குழாயும் துடைப்பமும்.

நவம்பர் 16
கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். முதலில் விருந்து மீனைப் புகழ வேண்டும். பிறகு குன்வோரை. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது அன்று காலை நடந்ததை எடுத்துப் போட வேண்டும். அவன் முகம் வெளுக்கிறதை நின்று பார்க்க வேண்டும். ஆமாம், எனக்கு அது வேண்டும்! தப்பா? தப்பாகவே இருக்கட்டும்.

நவம்பர் 20
கறுப்புக் கோட்டுக்கு இஸ்திரி போட்டாயிற்று.

நவம்பர் 23, ஞாயிறு
நேற்று நினைத்தது ஒன்று, செய்தது ஒன்று.

ஊறவைத்த மீன், இறைச்சி உருண்டை, பன்றிக்கால், கிழங்கு மசியல் என்று மேசை நிறைந்து கிடந்தது. சோம்புச் சாராயம் சுற்றி வந்தபோது டூரே எதிரிலிருந்து கத்தினான்: "அல்கோட்டுக்குக் கொஞ்சமா ஊத்துங்கப்பா! அவனப் பத்தித்தான் தெரியுமே!"

மேசையே சிரித்தது. குன்வோர் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது — நான் எழுந்து உண்மையைக் கத்தினால், குடிகாரன் உளறுகிறான் என்பார்கள். அதற்கும் வழி பண்ணிவிட்டான், படுபாவி.

எழுந்தேன். மீனுக்கு நன்றி சொன்னேன். சமையல்காரருக்கு, ஓசாவுக்கு, குன்வோருக்கு. அப்புறம் கிளாஸைத் தூக்கினேன். குடிக்கும் முன் ஒரு முறை, குடித்த பின் ஒரு முறை கண்ணைப் பார்ப்பதுதான் மரியாதை. ஒவ்வொருவர் கண்ணையும் நிதானமாகப் பார்த்தேன். டூரே கிளாஸை நீட்டிக்கொண்டு காத்திருந்தான். அவனைத் தாண்டி அடுத்தவனைப் பார்த்தேன். குடித்த பிறகும் அப்படியே. அவன் பேரைச் சொல்லாமலே உட்கார்ந்தேன்.

எல்லோர் கண்ணும் டூரே பக்கம் திரும்பியது. அவன் கை அந்தரத்திலேயே நின்றது.

நவம்பர் 25
டூரே போன் செய்தான். "ஏன்டா என்னை மட்டும் பாக்கல? அல்கோட்டுக்கு நீ என்ன பண்ணினன்னு எல்லாரும் என்னையக் கேக்குறாங்கடா!"

"நீ என்ன சொன்ன?"

பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. வைத்துவிட்டேன். நன்றாகத் தூங்கினேன்.

நவம்பர் 30
பணிமனையில் இப்போது அவனைப் பற்றித்தான் பேச்சு. வழியில் குன்வோரைப் பார்த்தேன். "வீட்ல ஒரு வார்த்த பேச மாட்டேங்குறாரு. நீ வாயத் திறந்து சொல்லிடுவன்னுதான் உன்னை அங்க உக்கார வச்சேன். எனக்கு ரொம்ப நாளாத் தெரியும், அல்கோட்." தெரிந்தும் சும்மா இருந்தாளே! அவள்மேலும் கோபம் வந்தது.

டிசம்பர் 4, வியாழன்
பியர் கூடத்தில் நல்ல கூட்டம். டூரே வந்தான், இளைத்திருந்தான். உட்காரவில்லை. பணிமனை ஆட்களின் மேசைகளுக்கு நடுவே நின்று, "அன்னிக்கு அல்கோட் குடிக்கல. நான் சொன்னது பொய்" என்றான். அடுப்பங்கரை வரை கேட்டிருக்கும்.

பிறகு என் பக்கம் திரும்பிக் கிளாஸை நீட்டினான்.

நானும் தூக்கினேன். அவன் கண்ணைப் பார்த்தேன். குடித்தேன்.

குடித்த பிறகு பார்க்கவில்லை.