எழுந்திருக்க விடாத கூட்டம்

அக்கா,

மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டு எதிரில் மகளிர் தினத்துக்கு பிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். நமக்குக் கடன் கொடுத்த கம்பெனி வைத்தது. கடன் வாங்கிய அன்று அவர்கள் எடுத்த உன் படம்தான் நடுவில். தக்காளிக் கூடையோடு சிரிக்கிறாய். கீழே ‘சாதனைப் பெண்’ என்று போட்டிருக்கிறது. நீ செத்து ஏழு மாதம் ஆகிறது. பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது எனக்கு.

நம் சங்கத்தைத் தொடங்கியது நீ. என் புருஷன் என்னை அடித்த அன்று, சங்கத்துப் பெண்களை எல்லாம் என் வாசலுக்குக் கூட்டி வந்தாய். "இனிமே இவ மேல கை வெச்சா எங்களுக்குப் பதில் சொல்லணும்" என்றாய். அதன் பிறகு அவர் கை ஓங்கவில்லை. சங்கம் என்றால் எனக்கு அதுதான்.

பிறகுதான் கம்பெனி வந்தது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போட்டோம். வாரா வாரம் வியாழக்கிழமை வசூல் கூட்டம்.

அந்த வியாழக்கிழமை காலையிலேயே உனக்கு நெஞ்சு வலி. ஒருத்தி இன்னும் தவணையோடு வந்து சேரவில்லை. வசூலுக்கு வந்தவன் பைக் சாவியைச் சுழற்றியபடி, "எல்லாரும் கட்டுற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாதுங்க" என்றான். அந்த ‘ங்க’ இன்னும் காதில் குத்துகிறது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாக்கா" என்றேன். சுவரில் சாய்ந்திருந்தாய். ரவிக்கை முழுக்க வேர்வை. "நான் போனா உங்களைத்தான் ஏசுவான். சும்மா இரு புள்ள" என்றாய்.

சும்மா இருந்தேன். இரண்டு மணி நேரம். பாலக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆட்டோவில், என் மடியில் உன் உயிர் போனது.

‘திடீர்னு போயிட்டா’ என்றது ஊர். திடீரென்றா போனாய்? எங்கள் கண் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாய். அவன் மேல் இருக்கிற கோபம் அவ்வளவும் என் மேலும் இருக்கிறது.

மறுவாரமே வந்தான். "அவங்க கடன் இன்சூரன்ஸ்ல கழிஞ்சிடுமுங்க, கவலைப்படாதீங்க" என்றான். அன்றைய தவணையை எண்ணிக் கொடுத்தோம்.

போன மாதம், நிறைமாதமாக இருந்த செல்வி கூட்டத்தில் இடுப்பு வலிக்கிறது என்றாள். எல்லோரும் கட்டும் வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று அவன் மறுபடி சொன்னான். நான் எழுந்துவிட்டேன்.

"எந்திரி செல்வி, போலாம்."

"ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குதுங்க."

"ஒருத்தியைச் சாகக் குடுத்தாச்சு. இன்னொருத்தியைத் தர மாட்டோம். முடிஞ்சா தடுத்துப் பாரு."

ஒவ்வொருத்தியாக எல்லோரும் எழுந்தார்கள். அவன் நாற்காலியில் தனியாக இருந்தான். அன்று சாயங்காலம் செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது.

கோபம் ஆறவில்லை அக்கா. ஆற விடப் போவதும் இல்லை. கடன் இருக்கிறதே, வியாழக்கிழமை தவறாமல் போகிறேன். ஆனால் உட்காருவதில்லை. நின்றபடியே கட்டிவிட்டுத் திரும்புகிறேன். மற்றவர்களும் அப்படித்தான்.