ஜூலின் களிமண் வில்லைகள்

சைகோன், 4 ஜூன் 1931

தங்கை ரோசாலிக்கு அண்ணனின் ஆசீர்வாதம்.

காலஞ்சென்ற உன் மகன் ஜூல் விட்டுப்போன துணிமணிகளும் ஜெபமாலையும் இந்தக் கப்பலில் வருகின்றன. காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் அவனுடைய சீட்டாட்டக் களிமண் வில்லைகளையும் கேட்டிருக்கிறாய். அன்றிரவு பெட்டியோடு அவற்றைத் தகரக் கூரையில் வீசியது நான்தான். அரக்குக் கலந்த மண் என்பதால், வெயிலில் கிடந்து எல்லாம் அப்பளமாக வளைந்துவிட்டன. கோணலான பொருளை ஊருக்கு அனுப்பி எனக்கு வழக்கமில்லை. நிமிர்த்தி அனுப்புகிறேன்.

சூதாடிவிட்டு வருபவனுக்குக் கதவைத் தாழிடுவது வீட்டு ஒழுங்கு. அவன் ஆற்றுப் பக்கம் போவான் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அண்ணன் இக்னாஸ்

காரைக்கால், 1 ஜூலை 1931

அண்ணனுக்கு ஸ்தோத்திரம்.

சட்டைகள் வந்தன. வெளுத்து, மடித்து அனுப்பியிருக்கிறீர்கள். வெளுக்காமல் அனுப்பியிருந்தால் பிள்ளையின் வாசனையாவது மிஞ்சியிருக்கும். வில்லைகளையும் அப்படிச் செய்துவிடாதீர்கள். அவன் கை பட்டதென்று எனக்கு இனி மிஞ்சுவது அவைதான். வளைந்தபடியே அனுப்புங்கள்.

ரோசாலி

சைகோன், 30 ஜூலை 1931

ரோசாலிக்கு,

தொட்ட வேலையை நான் பாதியில் விட்டதில்லை. கொதிநீரில் போட்ட முதல் வில்லை விளிம்பில் வெடித்தது. பிறகு கை பொறுக்கும் சூட்டில் ஊறவைத்து, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அடுக்கி, மேலே இஸ்திரிப் பெட்டியை ஏற்றி ஆறவிட்டேன். கீழ்வீட்டு ரஹ்மத் நிஷா, “இக்னாஸண்ணே, இட்லி அவிக்கிறீங்களா, சூதாட்டத்த அவிக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலம் பலகைபோல் இருந்தன. காலையில் எல்லாவற்றிலும் ஒரே மாதிரிப் பள்ளம். கட்டைவிரல் அளவு, இடப்பக்கம் சாய்ந்தது. வெயில் வளைத்த வளைவு அப்படி இல்லை. இஸ்திரிப் பெட்டியோ வைத்தது வைத்தபடியே இருந்தது. என் விரலை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. மறுபடியும் நிமிர்த்தினேன். மறுபடியும் அதே பள்ளம்.

இந்த ஊர் ஈரக்காற்றுதான் காரணம். வேறு எதையும் நினைத்துக்கொள்ளாதே.

இக்னாஸ்

காரைக்கால், 26 ஆகஸ்ட் 1931

அண்ணனுக்கு,

அவன் இடதுகைக்காரன் என்பதை மறந்துவிட்டீர்களா? இடது கையால் சாப்பிட்டதற்கு அவனை அடித்தவர் நீங்கள். எதையாவது யோசித்தால் கையில் இருப்பதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருப்பான். கோயிலில் மெழுகுவர்த்தியைக்கூட விட்டுவைக்க மாட்டான்.

இனி நிமிர்த்தாதீர்கள். அந்தப் பள்ளத்தில் என் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லுங்கள். அன்றிரவு அவன் கதவைத் தட்டினானா? “மாமா” என்று கூப்பிட்டானா?

ரோசாலி

சைகோன், 24 செப்டம்பர் 1931

ரோசாலிக்கு,

இடது கையால் சாப்பிட்டால் யார் வீட்டிலும் அடிப்பார்கள். நான் செய்ததில் பிசகில்லை.

வில்லைகளை நிமிர்த்தாமலே, கப்பலேறி ஊருக்கு வரும் நம் ஊர்க்காரர் தனக்கொடியிடம் கொடுத்திருக்கிறேன். பஞ்சு சுற்றியிருக்கிறது. வெயிலில் வைக்காதே.

தட்டினானா என்று கேட்டிருக்கிறாய். இப்போது இந்த வீட்டில் யாரும் தட்ட வேண்டியதில்லை. நான் கதவைத் தாழிடுவதில்லை. காற்றுக்காகத்தான்.

எண்ணிப் பார்த்தால் ஒன்று குறையும். அதைக் கேட்டு எழுதாதே. கண்ணாடிகளை எடுத்து வைத்து நாளாயிற்று. ஆனாலும் இன்று காலை, நான் அடுப்பு மூட்டும் முன்பே, மேஜையில் ஒரு வில்லை சூடாக இருந்தது. யாரோ வெகுநேரம் கையில் வைத்திருந்து இப்போதுதான் கீழே வைத்த சூடு.

இதை எழுதி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அது இன்னும் ஆறவில்லை.

இக்னாஸ்