விட்டுப்போன பிள்ளையை எழுதிக்கொண்டவருக்கு

பெரியவனின் மகள் மூன்றாம் வகுப்பில் முதல் ரேங்க். அவள் தம்பி ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்து எவர்சில்வர் டம்ளர் வாங்கி வந்தான். இப்போது எனக்கு அதில்தான் காபி. மூன்றாமவன் ஊரிலேயே வயலைப் பார்க்கிறான். சின்னவனுக்குக் காரைக்காலில் ஆபீஸ் வேலை கிடைத்துவிட்டது. கடைக்குட்டி நர்ஸ் படிப்பை முடித்துவிட்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் பிள்ளைகள் சமாச்சாரம் என்றால் உங்களிடம்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. அவர்களை முதன்முதலில் தாளில் எழுதியவர் நீங்கள்தானே.

நீங்கள் காலமாகிவிட்டதாக உங்கள் அக்கா எழுதி ஒரு மாதம் ஆகிறது. இன்று காலை கணக்கெடுக்க ஒரு பெண் அட்டையில் தாள்களைச் செருகிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள், வீட்டில் யாருக்கு என்ன சீக்கு என்று கேட்டாள். எல்லாம் உங்கள் கேள்விகள்.

நீங்கள் எங்கள் தெருவுக்கு வந்தது அறுப்பு முடிந்த சமயம். நெரவியிலிருந்து புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கறுப்புக் குடையோடு நடந்து வந்தீர்கள். பக்கத்து வீட்டு வாசலில் நின்று, மூன்று வேளையும் சமையல் உண்டா, ஆண்கள் குடிப்பார்களா, குடும்பத்தில் நோய் உண்டா என்று நீங்கள் கேட்டது என் மாமியார் காதில் விழுந்தது. அப்போது என் நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் அக்கம்பக்கத்தில் விசாரிப்பதும் இதைத்தானே. பெண் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று மாமியார் கொல்லைப்புறமாகவே தெரு முழுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். அன்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தலைவலிகூட இல்லை. எல்லார் வீட்டிலும் தினமும் மீன் குழம்பு. குடிப்பது நல்ல கிணற்றுத் தண்ணீர். எத்தனை பிள்ளை பெற்றீர்கள் என்று என்னைக் கேட்டீர்கள். நாலு என்றேன். பிள்ளை தங்காத வீடு என்று பேச்சு வந்துவிடக் கூடாதே.

பத்து நாள் கழித்துத் திரும்பவும் வந்தீர்கள். நான் குளத்துத் தண்ணீரைப் பழைய வேட்டியில் வடிகட்டிக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டு நின்றீர்கள். மாமியார் காபியோடு வந்து, "மாப்பிள்ளை என்ன வேலை பாக்குறாருங்க?" என்று கேட்டார்.

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலைங்க" என்றீர்கள்.

விஷயம் விளங்கியதும் குடை கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தீர்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எந்தத் தெருவுக்குக் குழாய் வேண்டும் என்று இந்தத் தாள்களைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள் என்று சொன்னீர்கள். "இந்தத் தெருவுல யாருக்கும் ஒரு குறையும் இல்லைன்னு எழுதியிருக்கேன். இப்படியே குடுத்தா உங்களுக்குக் குழாய் வராதுங்க."

மாமியார் அசையவில்லை. "எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டும். நாளைக்கு நெசமாவே பொண்ணு பாக்க வந்தா நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றார்.

வேட்டித் துணியில் தங்கியிருந்த புழுக்களை நான் பார்த்தேன். மாமியார் முன்னாலேயே சொன்னேன்: "நாலு இல்லைங்க, அஞ்சு. ரெண்டாவதா பொறந்த பொண்ணு செல்வி. ஒண்ணரை வயசுல வயித்தால போயி செத்துப்போச்சு. இந்தத் தண்ணிதான் குடுத்தேன்."

நீங்கள் நாலை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினீர்கள். பெயரை எழுதத் தாளில் இடம் இல்லை. ஆனாலும் ஓரத்தில் 'செல்வி' என்று எழுதி, எழுத்து சரியா என்று என்னிடம் காட்டினீர்கள். அதற்குப் பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரி தன் இரண்டு பிள்ளைகளைச் சொன்னாள். எதிர்வீட்டுக்காரி தன் புருஷன் குடிப்பதைச் சொன்னாள். சாயங்காலம்வரை நீங்கள் அடித்து அடித்துத் திருத்தினீர்கள்.

மாமியார் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. குழாய் உடனே வந்துவிடவில்லை. இரண்டு கோடை போன பிறகுதான் வந்தது. என் நாத்தனாருக்குத் திருநள்ளாற்றில் இடம் அமைந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா தெருக்குழாயைப் பார்த்து, "தண்ணி வசதி நல்லா இருக்கே" என்றார். என் மாமியார் தானே வரவழைத்ததுபோலத் தலையாட்டினார். அதைக் கடிதத்தில் எழுதியபோது, படித்துவிட்டு ஆபீஸிலேயே சிரித்ததாகப் பதில் போட்டீர்கள்.

இன்று வந்த பெண்ணிடமும் ஐந்து என்றேன். இருக்கிற பிள்ளைகளைச் சொன்னால் போதும் பாட்டி என்றாள். "எழுதிக்கம்மா, அவளும் இருந்தவதான்" என்றேன். எழுதினாள். பெயரை அவள் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

இந்த மடலை உங்கள் அக்காவுக்குத் தபாலில் போடுகிறேன். குழாய் திறந்த அன்று எடுத்த படம் ஒன்றுதான் என்னிடம் உள்ளது. அதில் குடை உங்கள் முகத்தில் பாதியை மறைக்கிறது. அக்கா, அவர் பாண்டிச்சேரிக்கு மாற்றலாகிப் போன பிறகு எடுத்த புதுப் படம் இருந்தால் ஒன்று அனுப்புங்கள். தலை நரைத்திருந்தாலும் பரவாயில்லை. செல்வியைப் படம் எடுக்காமலே விட்டுவிட்டோம். இவர் முகமாவது என்னிடம் முழுதாக இருக்கட்டும்.